விளக்கு வைக்காத மாடி

ஆவுடைநாயகத்துக்கு இலஞ்சியில் புயல் அண்ணாச்சி என்று பெயர். அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் உண்டு.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சென்னை வெள்ளத்தில் மகன் விஜயசங்கர் சோறு தண்ணியில்லாமல் மொட்டை மாடியில் கிடந்தானே, அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. அடித்தால் தூரம்வரை வெளிச்சம் போகிற டார்ச், விசில், நைலான் கயிறு, தண்ணீரில் மிதக்கிற ஆரஞ்சு நிறச் சட்டை இரண்டு என்று மகன் அனுப்பிக்கொண்டே இருந்தான். அப்பா மாடியில் ஓர் அறையையே அதற்கு ஒதுக்கிவிட்டார். அரிசி ஒரு டிரம், பருப்பு, புளி, வத்தல், கேன் கேனாகக் குடிதண்ணீர், சின்ன கேஸ் அடுப்பு. புருசனும் பெஞ்சாதியும் பத்து நாள் கீழே இறங்காமல் சாப்பிடலாம்.

செய்ததோடு விட்டாரா? ஒலி முகம்மது டீக்கடையில் உட்கார்ந்து தினமும் பாடம்.

"ஏலே, பத்திரம், ஆதாரு எல்லாத்தையும் பாலித்தீன் பையில கெட்டி வாசப்பக்கம் மாட்டி வைங்கலே. தண்ணி உள்ள வந்த பொறவா தேடுவீய?"

"எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு பாடு? தண்ணி வந்தா நேரா உங்க மாடிக்கு வந்துருதோம்" என்றான் இசக்கிப்பாண்டி. பக்கத்து வீட்டுக்காரன். பட்டாளத்திலிருந்து வந்து இப்போது வயலும் தென்னையும் பார்க்கிறவன். அவனுடையது தாழ்வான ஓட்டு வீடு.

கடையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வருகிற வழியிலேயே மாடிப்படி கிரில் கேட்டுக்குப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்து போட்டார். "எதுக்கு இம்புட்டுப் பெரிய பூட்டு?" என்று பெஞ்சாதி பிச்சம்மாள் கேட்டதற்கு, "கொரங்கு வருதுல்லா" என்றார். குற்றாலத்துக் குரங்கு பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகுமாக்கும்!

அந்த வருசம் மார்கழி பிறந்த அன்றே மழையும் பிறந்தது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டாயிற்று, மெயினருவியில் ஆர்ச் வளைவே தெரியாமல் தண்ணீர் விழுகிறது என்று விடியும்போதே போனில் படம் வந்துவிட்டது. பிச்சம்மாள் அதையெல்லாம் பார்க்கவில்லை. கீழே கோலம் போட்டால் கரையும் என்று மாடி முகப்பில் சின்னதாக ஒரு கோலம் இழுத்து, அங்கிருந்த மாடத்தில் விளக்கை ஏற்றி வைத்தாள். மாடி கட்டின நாளிலிருந்து காலையும் அந்தியும் அந்த மாடத்தில் விளக்கு எரியும். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுகூடப் புருசனைக் கையைப் பிடித்து அனுப்பி ஏற்ற வைத்தவள். தெருக்கோடி வரைக்கும் தெரிகிற விளக்கு அது.

காலைச் சாப்பாடு முடிவதற்குள் குளம் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்து தெருவுக்குள் வந்துவிட்டது. அண்ணாச்சி பதறவில்லை. பதறுவதற்கா இத்தனை வருசம் சேர்த்து வைத்தார்? மெயின் சுவிட்சை அணைத்தார், சிலிண்டரை மூடினார், பெஞ்சாதியை மாடிக்கு அனுப்பிவிட்டு கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஏறினார். அவ்வளவு ஒழுங்காக நடந்ததில் அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் பிச்சம்மாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கீழே குரல் கேட்டது.

"அண்ணாச்சி! அண்ணாச்சியோ! வீட்டுக்குள்ள முட்டளவு வந்துட்டு. பொம்பளையளும் பிள்ளையளும் மட்டும் மேல ஒதுங்கிக்கிடட்டும், கேட்டத் தொறங்க!"

இசக்கிப்பாண்டி. பின்னால் அவன் பெஞ்சாதி வடிவம்மாளின் குரலும், ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுவதும் கேட்டன.

பிச்சம்மாள் சாவியை எடுக்கக் கை நீட்டினாள். அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் அடுப்பை அணைத்தார். வாயில் விரலை வைத்தார்.

"என்னங்க இது? பிள்ளை அழுது" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. ஒருத்தர ஏத்துனா தெருவே ஏறும். இருக்கது ரெண்டு பேருக்கு. நாளைக்கு நீயும் நானும் எதத் திங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒருத்தனாவது கேட்டானா?"

கீழே இன்னும் சற்று நேரம் கூப்பிட்டார்கள். பிறகு இசக்கிப்பாண்டி, "ஆளில்ல போல, வாங்க தெருக்கோடிக் கல்யாண மண்டபத்துக்குப் போயிருவோம்" என்று சொல்வது கேட்டது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து மழையோடு போயிற்று.

அண்ணாச்சி சாப்பிட்டார். ரசம், பருப்புத் துவையல், பொரித்த அப்பளம். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தார். நன்றாகவே இறங்கியது. அதுதான் அவரை என்னவோ செய்தது. பிச்சம்மாள் தட்டையே தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருசத்தில் அவளிடம் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறார். இந்த முதுகு அதைவிட மோசமாக இருந்தது.

அந்தி வந்தது. அவள் தீப்பெட்டியை எடுத்தாள்.

"வைக்காத" என்றார்.

"வெளக்க வைக்காம?"

"ஆளில்லன்னு போயிருக்கானுவ. வெளக்கப் பாத்தா என்ன நெனைப்பான்?"

"இப்பம் மட்டும் என்ன நெனைக்கான்? மார்கழி பொறந்த அன்னைக்கு என்னய இருட்டுல உக்கார வைக்கீயளே, நல்லாருப்பீயளா?" தீப்பெட்டியை அவர் மடியில் வீசி எறிந்துவிட்டு அழுதாள்.

அவர் தீப்பெட்டியை ஓரமாக எடுத்து வைத்தார். டார்ச் பக்கத்திலேயே இருந்தது. அதைக்கூட அடிக்க முடியாமல் ஒளிந்து கிடந்தார், திருடன் மாதிரி, தன் வீட்டில்.

இருட்டு முழுதாகக் கவிவதற்கு முன்னால் கீழே கல்லால் இரும்பில் அடிக்கிற சத்தம் கேட்டது. பெரிய பூட்டுத்தான். ஆனாலும் உடைந்தது.

"அண்ணாச்சி! ஆச்சி! பயப்படாதீங்க, நாங்கதான்!"

இசக்கிப்பாண்டி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் வந்திருந்தான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒலி முகம்மது பின்னால் வந்தார். படியில் காலடி ஏற ஏற அண்ணாச்சி ஒரு சாக்குத் தேடினார். என்ன சொல்வது? தூங்கிப்போனேன் என்றா? காது கேட்கவில்லை என்றா? ஒன்றும் தோன்றாமல் சட்டென்று கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நெஞ்சைப் பிடித்தார். வங்கி மேலாளர்!

"ஆச்சி, அண்ணாச்சிக்கு என்ன?"

பிச்சம்மாள் புருசனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"நெஞ்சு..." என்று முனகினார் அவர்.

"நெனைச்சேன்! வடிவுதான் மண்டபத்து வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஆச்சி மாடில வெளக்கு வைக்கல, என்னமோ ஆயிப்போச்சு, ஓடுங்கன்னு வெரட்டுனா. கம்பவுண்டர் அங்கன இருக்காரு, பாத்துக்கிடலாம்." சொல்லிக்கொண்டே கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டைகளைக் கண்டான். ஒன்றை ஆச்சிக்குப் போட்டுவிட்டான். மற்றதை அண்ணாச்சிக்கு மாட்டி, குனிந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். தனக்கு ஒன்றும் இல்லை, அந்த ஈரக் கயிறுதான்.

தண்ணீர் இழுத்தது. இசக்கிப்பாண்டி ஒவ்வொரு அடியாகக் காலால் தடவித் தடவி நடந்தான். நோயே இல்லாத நோயாளி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பாதித் தெருவில் அவரையும் மீறி ஓர் ஏப்பம் வந்தது. ரசமும் அப்பளமும் சேர்ந்த நல்ல ஏப்பம், அவன் காதுக்குப் பக்கத்திலேயே. இசக்கிப்பாண்டி ஒரு நொடி நின்றான். அண்ணாச்சிக்கு உயிரே இல்லை. இப்படியே நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டால் நல்லது என்றிருந்தது. அந்தப் பாழாய்ப்போன சட்டை போட்டிருக்கிறதே, அதுவும் நடக்காது.

"கெட்டியாப் புடிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மறுபடி நடந்தான்.

கல்யாண மண்டபத்தில் தெருவே கிடந்தது. அவரைக் கண்டதும் பொம்பளைகள் எழுந்து காற்றுப்படாத மூலையாகப் பார்த்து இடம் கொடுத்தார்கள். கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து, "பயந்த கோளாறுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். அவரவர் கையில் அகப்பட்டதென்று கொண்டுவந்த அரிசியையெல்லாம் ஒன்றாகப் போட்டு வடிவம்மாள் கஞ்சி காய்ச்சியிருந்தாள். அண்டாவில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் டம்ளரோடு காத்திருந்தார்கள். அவள் முதல் டம்ளரை அவரிடம் கொண்டுவந்தாள்.

"மொத நீங்க குடிங்க அண்ணாச்சி. காலைலருந்து ரெண்டு பேரும் பட்டினியால்லா கெடந்திருப்பீய. நாங்க பாவிக, வந்து கூப்புட்டுப்போட்டு ஆளில்லன்னு போயிட்டோமே. மன்னிச்சிக்கிடுங்க."

அவர் குடித்தார். குடிக்காமல் என்ன செய்ய? நிறைந்த வயிற்றுக்குள் ஒவ்வொரு மடக்காக இறக்கினார். ஒரு பிள்ளை அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் அழுத பிள்ளை இதுதானோ என்னவோ. பிச்சம்மாள் தனக்கு வந்த டம்ளரை அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து, ஈர வேட்டி காலைத் தட்ட, வாசலில் நின்ற இசக்கிப்பாண்டியிடம் போனார்.

"இசக்கி, எனக்கு நெஞ்சுவலி ஒண்ணுமில்லப்பா."

"சரி அண்ணாச்சி."

"மாடில அரிசி இருக்கு. தண்ணி, அடுப்பு எல்லாம் இருக்கு. போயி எடுத்துட்டு வாங்க. பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுங்க." இன்னும் ஓர் அடி கிட்டப் போனார். "நீ மத்தியானம் கூப்புடும்போது நாங்க உள்ளதான் இருந்தோம். நாந்தான் தொறக்கல."

இசக்கிப்பாண்டி இடுப்புக் கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. அப்பவே ரசம் தாளிச்ச வாசம் கீழ வரைக்கும் வந்துச்சு. வடிவுகிட்டகூடச் சொல்லல."

அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா இந்தத் தண்ணிக்குள்ள எறங்கி வந்தே?"

"வெளக்கு வைக்கலல்லா" என்றான் இசக்கிப்பாண்டி.