எவர்டனின் ரெண்டு விரல்

ஒரே ஒரு செட். அதுக்கு மேல கிடையாது. ஆனா அந்த ஒண்ணுல, கை இனி ஒரு நூல்கூட நகராதுங்கற வரைக்கும் எடைக் கம்பியைத் தூக்கணும். அப்புறம் நாலு நாள் கம்பியைத் தொடக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி போடாம உடம்பு வளர்க்கிற எங்களுக்கு இதுதான் வழி. பிரிட்ஜ்டவுன் ஜிம்முல ரெண்டு மணி நேரம் குடியிருக்கிறவனுங்க, "வந்துட்டாங்கப்பா இருபது நிமிஷ ராணி"ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. சிரிச்சுட்டுப் போங்கடா.

கணக்கு சுலபம். போன முறை ஏழு தடவை தூக்கினா இந்த முறை எட்டு. ஏறலேன்னா உடம்பு இன்னும் ஆறலைன்னு அர்த்தம், ஓய்வைக் கூட்டணும்.

எனக்கு ஏறிட்டேதான் இருந்தது. ஆனா நான் செத்துட்டிருந்தேன். ஹோட்டல் சலவைக்கூடத்துல படுக்கைவிரிப்பை மடிக்கும்போதே கண்ணு சொருகும். அக்கா வச்ச மீனும் சோளக்களியும் தட்டுலயே ஆறிப்போகும். ராத்திரி படுத்தா தூக்கமும் வராது. நாப்பத்திரண்டு வயசாச்சு, அவ்வளவுதான்டி ஐயோனின்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அடுத்த சனிக்கிழமை உடற்கட்டுப் போட்டி. வாழ்க்கையில முதல் தடவையா மேடை ஏறப் போறேன். அதுவரைக்கும் தாங்கினாப் போதும்னு இருந்தேன்.

நான் மல்லாந்து படுத்துத் தூக்கும்போது தலைமாட்டுல நிக்கிறவன் எவர்டன். பஸ் ஓட்டறவன், ஆறு வருஷக் கூட்டாளி. கம்பி என் நெஞ்சுல விழுந்துடாம பார்த்துக்கறது அவன் வேலை. "நீயேதான் தூக்குற! நான் தொடவே இல்ல! ஏத்துடீ!"ன்னு கூரை பிச்சுக்கற மாதிரி கத்துவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் பஸ் நடுவழியில நின்னுபோச்சு. நான் போலீஸ்கார ஹார்ட்லியைத் தலைமாட்டுல நிக்கச் சொன்னேன். மனுஷன் கையைக் கட்டிட்டு நின்னார். ஒன்பது வரவேண்டிய இடத்துல அஞ்சாவதே பாதியில நின்னுடுச்சு. அவர்தான் கம்பியை எடுத்து வச்சார்.

"என்னம்மா, எடை கூடப் போட்டுட்டியா?"

"எப்பவும் போடறதுதான். போன தடவை எட்டு தூக்கினேன்."

"எவர்டன் கம்பிக்கு அடியில ரெண்டு விரல் குடுத்துத் தூக்கி விடுவானே, அதையும் சேர்த்தா?"ன்னார், ஊருக்கே தெரிஞ்ச சங்கதி மாதிரி.

நான் எழுந்து உக்காந்தேன்.

எவர்டன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"தொட்டியாடா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா, திருவிழா சமயத்துலேர்ந்து. உனக்கு ஏறாம நின்னுபோச்சு, ஐயோனி. தெரிஞ்சா போட்டியே வேணாம்னு மூலையில உக்காந்துடுவே. மனசு கேக்கல. சும்மா விரல்தான் வச்சேன்."

"அடப்பாவி! நின்னா ஓய்வெடுன்னு அர்த்தம்டா! உடம்பு அப்பவே கேட்டிருக்கு. அதோட வாயைப் பொத்திட்டியேடா! வயசாயிடுச்சுன்னு நான் தினம் அழுதேன்டா!"

வந்த ஆத்திரத்துல அவனை அறையக் கை ஓங்கினேன். கை தோளுக்கு மேல எழும்பல.

"அடிச்சுடு, அடிச்சுடு"ன்னு கன்னத்தைக் காட்டினான்.

"அதுக்குக்கூட தெம்பு இல்லடா."

"இன்னும் கொஞ்ச நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கோ. மேடை ஏறிட்டு அப்புறம் ஓய்வெடு. வண்டி எடுத்துட்டு நானே வரேன்."

பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போட்டிக்குக் கூட்டிட்டுப் போக அவன் வந்து கதவைத் தட்டு தட்டுன்னு தட்டினானாம், ஹாரன் அடிச்சானாம், ஜன்னல் பக்கம் நின்னு கத்தினானாம். தெருவே வெளியில வந்து பார்த்ததா அக்கா சொன்னா. எனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டிருந்தேன்.