பாம்பு இருக்கிறது, ஜாக்கிரதை

என் கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டியபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரேன். யாருமே கண்டுபிடிக்காத இடம்! எட்டாவது மாடியில லிஃப்ட்டைச் சரி பண்ணிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், மாட்டிக்கிச்சு."

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்குத் தெரியாத இடங்களைத் தேடிப் பிடித்து, படத்தோடு வரைபடத்தில் புள்ளி வைக்கும் ஓர் இணையதளத்தின் மேல் அவருக்குப் பைத்தியம். இதுவரை அவர் வைத்த புள்ளிகளை ஈ காக்காய் சீண்டவில்லை. ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்கு அவருடைய தம்பி மட்டும் லைக் போட்டார், அதுவும் கை தவறி.

படத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தேன். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குளம், கரையில் வழுவழுவென்று ஒரு கல். என் கல். பல் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து டோக்கன் கொடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மாமியாரின் டிவிக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் போய்ச் சேர்வதற்கு முன்னால் அரைமணி நேரம் நான் சும்மா உட்காரும் இடம். வீட்டில் கேட்டால் பஸ் லேட். அந்த அரைமணி இல்லையென்றால் நான் எப்போதோ யாரையாவது கடித்துவைத்திருப்பேன்.

"யாரோ ஒரு பொம்பளை குறுக்க உக்காந்திருந்தா. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. வெட்டிட்டேன்" என்றார்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பஸ் லேட்டின் குட்டு உடைந்துவிடும். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிரவே அவர் புள்ளி வைத்துவிட்டார். மறுநாள் கல்லில் ஒரு ஜோடி. அடுத்த நாள் ஒரு கல்லூரிக் கூட்டமே. வீட்டிலோ மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியார்கூட டிவியை நிறுத்திவிட்டு வந்து லைக்குகளைப் பார்த்தார். அன்றைக்கே அந்தப் படத்துக்குக் கீழே பொய்ப் பெயரில் எழுதிப் போட்டேன்: 'அழகான இடம்தான். ஆனால் பாம்பு இருக்கிறது, ஜாக்கிரதை. பெரியது.'

'பெரியது' என்று சேர்த்திருக்க வேண்டாம். கூட்டம் நின்றது, லைக் நின்றது, அவர் சாப்பிடுவதும் நின்றது. "எனக்குன்னு கிடைச்சதே ஒண்ணு. அதுலயும் பாம்பு" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தபடியே மறுநாள் சாயங்காலம் குளத்துக்குப் போனேன்.

கல் காலி. ஆனால் பக்கத்துப் புதரை ஒருவர் கம்பால் அடித்துத் துவம்சம் பண்ணிக்கொண்டிருந்தார். வேலைச் சீருடை, நெற்றியில் கண்ணாடி, இன்னொரு கையில் செல்போன். பாம்பு இல்லை என்று நிரூபிக்க வீடியோ எடுக்கிறார். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற மனிதர்.

திரும்பிப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி என் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க மேடம்" என்றார் பின்னாலிருந்து. "பாம்பெல்லாம் சுத்தப் புளுகு. எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதியிருக்கான்."

நான் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீங்க தைரியமா உக்காந்திருக்கிறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா? முகம் வராது. முதுகு மட்டும்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலையை மட்டும் ஆட்டினேன். பின்னலை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டேன், போன மாதம் அவரே வாங்கித் தந்த சிவப்பு க்ளிப் தெரியும்படி. நிமிர்ந்து உட்கார்ந்தேன். காய்ந்த இலைகள் நொறுங்கும் சத்தம் கிட்டே வந்தது. பிறகு நின்றது.