ஆறிப்போன தோள்

1979 தை மாதம். பெண்கள் ஈட்டி எறிதல் போட்டிக்காக மெஹர் பானுவும் அனெத்தும் காலையிலேயே காரைக்கால் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். இருவரும் கல்லூரியில் கடைசி வருஷம்.

வந்ததும் கால்பந்து கோல் கம்பத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டினார்கள். அதன் நுனியைத் தலைக்குப் பின்னால் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தால், தோள்பட்டைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் சின்னச் சதைகள் விழித்துக்கொள்ளும். பிறகு இடுப்பைத் திருப்பினார்கள், கையைச் சுழற்றினார்கள், ஓடினார்கள். தோள் சூடாகிக் கை லேசானது. அந்தச் சூட்டோடு எறிய வேண்டும்.

ஆனால் உட்கார வைத்துவிட்டார்கள். தலைமை விருந்தினர் வந்த பிறகுதான் போட்டி என்றார் போட்டியை நடத்தும் விளையாட்டு மன்றத்துச் செயலாளர் வைத்தியலிங்கம். தோள் ஆறாமலிருக்க எழுந்து கையை ஆட்டிய மெஹர் பானுவை, வரிசை கலைகிறது என்று அதட்டினார். கடல் காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தது.

விருந்தினர் ஓர் அரிசி மில் முதலாளி. மதியம்தான் வந்தார். வந்ததும் பந்தலில் சாப்பாடு. கடித்த கோழி எலும்பை ஓடுபாதை ஓரத்திலேயே எறிந்தார்கள். ஈ மொய்த்தது. அதன்பின் ஏப்பத்துக்கு நடுவே பெண்களின் வீரத்தைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. மெஹர் பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததுமே எறியக் கூப்பிட்டார்கள். அவள் செயலாளரிடம் போய், உடம்பு ஆறிவிட்டது, மறுபடி சூடு பண்ணிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டாள்.

"ஐயா கிளம்பணும்மா. சூடுதானே வேணும்? டீ வாங்கித் தரச் சொல்றேன்" என்றார் வைத்தியலிங்கம். பந்தலில் சிரித்தார்கள்.

"அப்ப நான் எறியல சார்."

அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அனெத்தையும் தடுத்துப் பார்த்தாள். அனெத்தின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். குடும்பமே பிரான்சுக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. அடுத்த வருஷம் தனக்கு இந்த மைதானம் கிடையாது என்று சொல்லிவிட்டு அனெத் ஈட்டியை எடுத்தாள்.

ஓடிவந்து எறிந்தாள். ஈட்டி மற்ற எல்லோரும் எறிந்த தூரத்தையும் தாண்டிப் போய்க் குத்தி நின்றது. அனெத் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். துணி கிழிகிற மாதிரி உள்ளே ஏதோ கிழிந்தது என்று பிறகு சொன்னாள். பந்தலில் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவளை மேடையில் நிறுத்தினார்கள். போட்டோவுக்காக வைத்தியலிங்கம், தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய வலது கையைப் பிடித்துக் கோப்பையோடு சேர்த்துத் தூக்கினார்.

"கொஞ்சம் சிரிம்மா" என்றார்.

அவர் விரல்களில் குழம்பு எண்ணெய் மஞ்சளாகக் காயாமல் இருந்தது. மெஹர் பானு மேடையேறி அவர் கையைத் தட்டிவிட்டாள். கோப்பை உருண்டது. திரும்பிப் பார்க்காமல் அனெத்தை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கட்டுப் போட்டு முடிந்ததும் அனெத் முதலில் கேட்டது, "கப் எங்கடி?"

"அந்தச் சனியனா வேணும் உனக்கு?"

"எறிஞ்சது நான்தானே. அவங்களா எறிஞ்சாங்க?"

மெஹர் பானு வேண்டா வெறுப்பாக மைதானத்துக்குத் திரும்பினாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளரும் நண்பர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே மேஜையில் கோப்பை. ஒருவர் அதை இழுத்து, அதற்குள் துப்பிவிட்டு நகர்த்தி வைத்தார். சிவந்த எச்சிலில் பீடித் துண்டுகள் மிதந்தன.

கழுவிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார் வைத்தியலிங்கம். அவள் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கவிழ்த்ததும் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் அனெத் கோப்பையை மடியில் வைத்து இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள். அது எங்கே கிடந்தது என்று மெஹர் பானு சொல்லவில்லை.

அந்தத் தோள் சரியாகவே இல்லை. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல்தான் அனெத் பிரான்சுக்கு விமானம் ஏறினாள்.

மறு வருஷம் வைத்தியலிங்கம் வீடு தேடி வந்து, போட்டிக்கு வரச்சொல்லி அழைப்பிதழை நீட்டினார். மெஹர் பானு கை நீட்டவில்லை. அவர் அதை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். வாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் விளக்குமாற்றால் அதைத் தள்ளி வாசலுக்கு வெளியே பெருக்கிவிட்டாள்.