நாலு முழம் மல்லி

காசிமாயன் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் வைத்திருந்தான். என் சைக்கிள் கடைக்கு அவன் வருவதற்கு முன்னால் மல்லிகை வாசனை வந்துவிட்டது. அவனுடைய ஐந்து மாத ஆண்பிள்ளையைப் புதைத்து அன்றைக்கு நாலாவது நாள். ஒரே ராத்திரி வயிற்றோட்டத்தில் போன பிள்ளை.

நான் அவனுக்குப் பெரியப்பா மகன். பிள்ளையைத் துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திப் போனவன் நான்தான். அதனால் அந்த வீட்டுத் துக்கத்தில் பாதி எனக்குச் சொந்தம் என்று ஒரு நினைப்பு. அதை அவர்கள் ஒழுங்காக அனுபவிக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்தையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டியில் இல்லாத பூவா? உள்ளூரில் வாங்கினால் நாலு பேர் கேட்பார்கள் என்று மதுரைவரை போயிருக்கிறான். எனக்கு அது திருட்டுத்தனமாகத்தான் பட்டது.

"யாருக்குடா பூ?" என்றேன்.

"வீட்டுக்குத்தாண்ணே."

கடையில் சுருளியும் கருத்தக்கண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்குக் குரல் தானாகவே ஏறிவிடும்.

"பிள்ளையப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள ஒம் பொண்டாட்டி முத்துத்தாய்க்கு மல்லியப்பூ கேக்குதோ?"

"அண்ணே, அப்பிடி இல்லண்ணே..." என்றவன் மற்ற இரண்டு பேரையும் பார்த்தான். "செத்த இங்கிட்டு வாங்க. தனியாச் சொல்றேன்."

"என்ன ரகசியம்? எல்லாரும் கேக்கத்தான் சொல்லேன்."

அவன் காது மடல் சிவந்து நின்றான். நான் பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். இலை பிரிந்து, நாலு முழம் இருக்கும், அந்தக் கறுப்புத் தண்ணீரில் வெள்ளையாக நீண்டது. காசிமாயன் குனிந்தான். எடுக்கப் போகிறானோ என்று பார்த்தேன். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

"சரியாச் செஞ்சீக" என்றான் சுருளி. நான் இன்னொரு டீ சொன்னேன்.

மத்தியானம் சோறு போடும்போது என் பொண்டாட்டி சோலையம்மாளிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"வீசிட்டீகளா?"

"பின்னே?"

"நாந்தான் வாங்கியாரச் சொன்னேன். முத்துத்தாய்க்குப் பால் கட்டிக்கிட்டு மாரு கல்லாக் கெடக்கு. காச்சலு வேற. மாருல பூவ வச்சுக் கட்டுனா பாலு வத்தும்னு காசு குடுத்தனுப்புனா, நீங்க..."

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் நான். பிள்ளை போனாலும் பால் வரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல அவன்?"

"எதை? டீ குடிக்கிற ஆம்பளைக முன்னாடி வச்சா?"

அவள் கையைக் கழுவிவிட்டு, பழைய துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தட்டில் சோறு விறைத்துக் கிடந்தது. தூ என்று என்மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

நேரே பூக்கடைக்குப் போய் நாலு முழம் மல்லி கேட்டேன். பூக்கடைக்காரி சிரித்துக்கொண்டே, "யாருக்குண்ணே இம்புட்டு?" என்றாள். நானும் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு போனேன். காசிமாயன் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். பொட்டலத்தை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி உள்ளே கொடுத்தான். மன்னிச்சுக்கடா என்று சொல்லத்தான் வந்தேன். அதற்குள் எதிர்வீட்டுப் பாண்டியம்மாளின் கைப்பிள்ளை தூக்கத்திலிருந்து விழித்து வீறிட்டது.

உள்ளே முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது.

"காதப் பொத்திக்க தாயி, பொத்திக்க. பிள்ளை சத்தம் கேட்டா இன்னும் சொரக்கும்" என்றாள் சோலையம்மாள்.

காசிமாயன் தெருவைத் தாண்டி ஓடினான். எதிர்வாசலில் கைகூப்பி நின்றான். "மதினி, அது அழுகுறது இவளுக்கு..." என்றான்.

பாண்டியம்மாள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், கொதிக்கிற தெருவில் இறங்கிக் கண்மாய்ப் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். பிள்ளை அடங்குகிற வழியாக இல்லை. அதன் வாயை மாராப்பால் மூடியும் மூடாமலும், திரும்பிப் பார்த்துக்கொண்டே, சத்தம் இன்னும் எங்களுக்குக் கேட்கிறதோ என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள்.