மெத்தைக் கடையில் சின்னவள் போட்ட சத்தம்

சின்னவளுக்கு வாய் இருக்கிறதா என்பதே நர்சிங் கல்லூரியில் பல பேருக்குச் சந்தேகம். உயிர்காப்புப் பயிற்சித் தேர்வில் அவள் கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பொம்மையின் நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து, முழங்கையை மடக்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு அமுக்கினாள். ஆனால் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டிய இடத்தில், யாராவது கொஞ்சம் வர முடியுமா என்று அவள் கேட்டது அந்தப் பொம்மைக்கே கேட்டிருக்காது. ஒரு ஆளைக் கைநீட்டிக் காட்டி, இன்ன வேலை என்று அதட்டிச் சொன்னால்தான் கூட்டத்தில் யாரும் நகர்வார்கள் என்று சொல்லி ஆசிரியை தோல்வி போட்டார்.

குற்றம் முழுக்க அவளுடையது என்று சொல்லிவிட முடியாது. வீட்டுப் பேச்சையெல்லாம் அக்காவே குத்தகைக்கு எடுத்திருந்தாள். சின்னவள் எந்தச் செருப்பைப் போடுவது, எந்தப் பக்கம் வகிடு எடுப்பது என்பது வரைக்கும் அக்கா வைத்ததுதான் சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மெத்தை வாங்கப் புறப்பட்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய வணிக வளாகம் ஒன்றின் தரைத்தளத்தில் கடை. ஐம்பது தாண்டிய கடைக்காரர் பொறுமைசாலி. அக்கா ஆறு மெத்தைகளில் படுத்துப் பார்த்து, ஆறிலும் குறை கண்டுபிடித்தாள். ஏழாவதில் கடைக்காரரே உட்கார்ந்து, இது முதுகை எப்படித் தாங்கும் என்று விளக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி அப்படியே சாய்ந்தார். படுத்துக் காட்டுகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். பரவாயில்லையே என்று தலையைக்கூட ஆட்டினாள்.

சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். அசைவில்லை. கரையில் போட்ட மீன் மாதிரி வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அது மூச்சில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, காலைப் பிடி. தரையில இறக்கணும்."

"மெத்தையிலேயே இருக்கட்டுமேடி. கீழ சில்லுன்னு இருக்கும்."

"இதுல வச்சு அமுக்கினா மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. பிடின்னா பிடி!"

அந்தச் சத்தம் கடைக்கு வெளியே கேட்டது. அக்கா பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் குனிந்து காலைப் பிடித்தாள்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற சிவப்புச் சட்டைக்காரரை நோக்கிச் சின்னவள் விரலை நீட்டி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து தன்னிடம் சொல்லச் சொன்னாள். பில் போடும் பெண்ணை, லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை எடுத்துவர விரட்டினாள். பிறகு மண்டியிட்டு அமுக்கத் தொடங்கினாள். நொடிக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட்டாள். கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

இரண்டு நிமிஷத்தில் தோள் ஓய்ந்தது. அக்காவை எதிரே உட்காரவைத்து, கை வைக்கும் இடத்தைக் காட்டி, வேலையை மாற்றிவிட்டாள். அக்கா அமுக்கிக்கொண்டே, பாவம் இவருக்குச் சர்க்கரை இருக்குமோ, வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, வாயை மூடிட்டு எண்ணு."

வாயை மூடிக்கொண்டு எப்படி எண்ணுவது என்று கேட்கக்கூடத் தோன்றாமல் அக்கா எண்ணினாள்.

கருவி வந்தது. அதிலிருந்து வந்த குரல் சொன்னபடியே சட்டையைத் திறந்து இரண்டு ஒட்டுகளை நெஞ்சில் ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள் சின்னவள். உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. உடனே மறுபடி அமுக்கினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்தபோது கடைக்காரர் முனகியபடி அவள் கையைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தூக்கிப் போன பிறகுதான் அவள் தரையிலிருந்து எழுந்தாள். மெத்தையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பேசாமல் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த மௌனம் ஒரு மணி நேரம்தான் தாங்கியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. அதில் தங்கை கூடமாட ஒத்தாசை செய்தவள்.

ஐந்தாம் நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடைக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி இவர்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அவர் மட்டும் விலாவைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்.

"உயிரைக் காப்பாத்தினீங்க, ரொம்ப சந்தோஷம்மா. ரெண்டு விலா எலும்பு முறிஞ்சிருக்காம், இருமக்கூட முடியல. அது உங்கள்ல யாரு?"

அக்கா தங்கையைக் கைகாட்டினாள். அதே நேரத்தில் தங்கை அக்காவைக் கைகாட்டினாள்.