சிரிப்புக்கு இடம் விட்ட தையல்

தையற்காரர் வீட்டு மரத்தின் நிழல், மழை ஓய்ந்த ஒரு காலையில், ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டது. அது அவர் மச்சினியின் கல்யாணத் துணி. வெட்டும் முன் நனைத்து நிழலில் உலர்த்துவது அவர் வழக்கம். பிறகு சுருங்கித் தொலைக்காதல்லவா. அந்த வருடம் மரத்தின் இலைகளுக்குள் கடுகளவு அந்துப்பூச்சியின் புழுக்கள் குடியேறியிருந்தன. இலையின் இரண்டு தோல்களுக்கும் நடுவே புகுந்து பச்சையைத் தின்றுகொண்டே போகும். போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். நிழலோடு அந்தக் கோடுகளும் துணியில் இறங்கிவிட்டன. அந்தக் கடையில் சாக்பீஸால் கோடு போடுவது மனைவி, வெட்டுவது அவர். மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர், கத்தரியை எடுத்து அந்த வெள்ளைக் கோடுகளின் மேலேயே வளைவு வளைவாக வெட்டி முடித்தார்.

"நான் இன்னும் சாக்பீஸையே தொடலையேங்க! விடிஞ்சா கல்யாணம்!" என்று மனைவி தலையில் கைவைத்தாள்.

"நீ போட்டா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

மச்சினி கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. அவள் சிரித்தால் தையல் விட்டுவிடும். பள்ளிச் சீருடையிலிருந்து நிச்சயதார்த்த உடைவரை எல்லாம் அப்படித்தான் போயின. வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகு என்று உறவு முழுக்க உபதேசம். "மாமா, அன்னைக்கு ஒரு நாளாவது நான் வாய்விட்டுச் சிரிக்கணும்," என்றிருந்தாள். பாவம், அதைக் கேட்கும்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

வேறு துணிக்கு நேரமில்லை. இருவரும் துண்டுகளை வளைவோடு வளைவு சேர்த்துத் தைத்தார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை, பதற்றத்தில், இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். மணப்பெண் உதட்டைக் கடித்தாள். தையற்காரரின் மனைவி, அவள் அக்கா, நூல் கோத்த ஊசியோடு பின்னால் போய் நின்றாள். "சிரிச்சுக்கம்மா, என்ன ஆயிடும்!" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான், வெடித்துவிட்டாள். தையல்கள், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பதுபோல், ஒதுங்கின. சிரித்து ஓய்ந்ததும் பழைய இடத்துக்கே வந்தன. அதே நேரத்தில் வளைவுகளிலிருந்து பொன்னிறப் பூச்சிகள் பொடிப்பொடியாகக் கிளம்பி, விருந்தாளிகளின் தலையில் உட்கார்ந்தன. அக்கா ஊசியைத் தன் முந்தானையில் குத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

அந்த உடையிலேயே மச்சினி இரண்டு பிள்ளைகளைச் சுமந்துவிட்டாள். ஒரு தடவைகூடப் பிரித்துத் தைக்கவில்லை. தையற்காரர் வீட்டில் சாக்பீஸ் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மழை ஓய்ந்தால் ஜனம் துணியோடு வந்து நிற்கிறது. "புழு இன்னும் சாப்பிடுது, போயிட்டு நாளைக்கு வாங்க," என்கிறாள் மனைவி. சரி என்று போகிறார்கள்.