மூன்றாவது மாடியில் ஒரு டெண்டர்

தலைவர் டெண்டர் விடாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. அரசாங்கக் கிடங்கில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். துடைப்பத்துக்கும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்பார். வந்த மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார். ஒன்றில் குச்சியின் நீளம் குறிப்பிடப்படவில்லை என்று சொல்லி மூன்றையும் தள்ளுபடி செய்வார். அதுவரை அவருடைய மனைவி பழைய துடைப்பத்தின் அடிக்கட்டையால் வீட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது அவர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். பதவி போன பிறகும் மிடுக்குப் போகாதவர்களை எங்காவது வைத்துத் தொலைக்க வேண்டுமே என்றுதான் இந்தச் சங்கங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காவலாளி முதல் பால் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'தலைவர்'தான். மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போது மட்டும் உப்பு ஒரு கல் கூட இருக்கும்.

அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு சேர்த்துவைத்த கை அவளுடையது. அந்தக் கைக்கு இப்போது அவளையே கீழே இருக்கும் தெருவோடு சேர்த்துவைக்க வக்கில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு கைவிட்டுவிட்டன. இனிமேல் படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். அதைப் பணிவாகக் கேட்டுக்கொண்டு, படியேறித்தான் வீட்டுக்கு வந்தாள். இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், ஏறக்கூடாது, ஆகவே இறங்கவில்லை. இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். மேலிருந்து பார்த்துப் பார்த்து மனிதர்களை அவள் உச்சந்தலையை வைத்தே அடையாளம் கண்டாள். குடியிருப்பில் யாருக்கு வழுக்கை விழத் தொடங்கியிருக்கிறது என்பது அவர்களுடைய பெண்டாட்டிகளுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது.

மகள் வேறு ஊரிலிருந்தாள். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துப் பேசி முடித்துச் சாவியும் வாங்கிவிட்டாள். வாசற்படி ஒன்றே ஒன்றுதான், அதைத் தாண்டினால் தெரு. இனி மூட்டைமுடிச்சைக் கட்டிக் கொண்டுபோக ஆள் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் தலைவர்.

ஆபரேட்டரம்மாவுக்கு அப்போதே ஒரு கதவு மூடி, தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

முதலில் வந்தவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். அட்டையில் 'முதியோர் இடமாற்ற ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தது. வயதானவர்கள் எல்லாரும் செவிடு என்று அவருக்கு யாரோ பாடம் எடுத்திருக்க வேண்டும்.

"அம்மா! இது வெறும் வீடு மாத்தறது இல்லம்மா! உங்க வாழ்க்கையோட அடுத்த அத்தியாயம்! உங்க உணர்வுகளைக்கூட நாங்க பத்திரமா பேக் பண்ணுவோம்!"

"அந்த அலமாரிய இந்தப் படியில எப்படிப்பா இறக்குவீங்க?"

"அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்மா!"

"அப்ப அவங்களையே அனுப்பியிருக்கலாமே. நீங்க எதுக்கு மூச்சிறைக்க ஏறி வந்தீங்க?"

இரண்டாவது ஆள் ஒரு லாரிக்காரர். நடு வீட்டில் நின்று கழுத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினார். "நாலு ஆளு, ஒரு வண்டி, அரை நாள்."

"சேதாரத்துக்கு யார் பொறுப்பு?" என்றார் தலைவர்.

"உடையறது உடையத்தான் சார் செய்யும்."

அந்தத் தொழிலில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். தலைவர் அதைத் தகுதிக்குறைவு என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவள் முன்பு நர்ஸாக இருந்தவள். வயதானவர்களின் வீடுகளை மட்டுமே மாற்றித் தருகிறாளாம். அவளுக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. பேசிக்கொண்டே கண்ணில் பட்டதற்கெல்லாம் கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனாள். தலைவரின் சங்கக் கோப்புகளுக்கு நேராகக் கை நீண்டபோது அவர் பாய்ந்து வந்து தடுத்தார். ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, அங்க போனதும் முதல்ல எதுல உக்காரப் போறீங்க?"

இத்தனை நாளில் யாரும் அங்கே போவதை நடந்துவிட்ட காரியமாக வைத்துப் பேசியதில்லை. ஆபரேட்டரம்மா நாற்காலிக் கையைத் தட்டினாள். "இதுலதான்."

"அப்ப இது வண்டியில கடைசியா ஏறணும். அப்பதான் அங்க முதல்ல இறங்கும்" என்று சொல்லி, பிரம்பில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். "படி இறங்க முடியலன்னா சொல்லுங்கம்மா, நாற்காலியோட வார் போட்டுக் கட்டித் தூக்கிடுவோம். எங்களுக்குப் பழக்கம்தான்."

மூன்று பேரும் விலைப்புள்ளிகளை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறை பிரிக்கும் நாளில் மூவரும் வந்தாக வேண்டும் என்றார் தலைவர். பாவம், வந்தார்கள். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் தலைவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நர்ஸின் உறை பசை போட்டு ஒட்டப்படாமல் ஸ்டேப்ளர் பின் அடித்து வந்திருந்தது.

"உறை முறைப்படி மூடப்படலை. ஒப்பந்தப்புள்ளி ரத்து. மறு டெண்டர்."

"பின் அடிச்சாலும் மூடினதுதானே சார்?" என்றாள் நர்ஸ்.

"பிரிச்சுட்டு மறுபடி அடிக்கலாமே!"

"எதுக்கு சார் அடிக்கணும்? இதுல என்ன ராணுவ ரகசியமா இருக்கு?"

லாரிக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டைக்காரர் மட்டும், தங்கள் நிறுவனம் மறு டெண்டரையும் உணர்வுபூர்வமாக அணுகும் என்றார்.

மறு டெண்டரில் ஓர் உறையில் தேதி ஒழுங்காக இல்லை என்று அதுவும் ரத்தாயிற்று. அதற்கடுத்ததில் மூவருமே வரவில்லை. இரண்டு பேருக்குக் குறைவாக வந்தால் உறை பிரிக்கக்கூடாது என்று தலைவர் நிம்மதியாகச் சொன்னார்.

அந்த 'நிம்மதியாக'தான் ஆபரேட்டரம்மாவை உறுத்தியது. அன்று சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து வழுக்கைகள் வட்டமாக நின்றன. நடுவில் அவளுக்கு மிகவும் பழக்கமான வழுக்கை. அது ஏதோ சொல்ல, மற்றவை எல்லாம் ஆடின. அவர் மேலே வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அது அணைந்தது.

"உங்களுக்கு அங்க வர இஷ்டம் இல்ல" என்றாள்.

"யார் சொன்னது? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறை இருக்கட்டுங்க. நான் இந்தக் கம்பிக்குள்ள இன்னும் எவ்வளவு நாள் இருக்கணும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு அது நேராக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார். "அங்க போனா நான் யாரு? உன் பொண்ணோட அப்பா. அவ்வளவுதானே?"

"அது போதாதா?"

அவர் தண்ணீர்த் தொட்டி பற்றிய சங்கக் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

ஆபரேட்டரம்மாவுக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. கூடவே, இந்தப் பரிதாபத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் தன்னை இந்த ஜன்னலிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குத்தான் இறக்குவார்கள் என்ற பயமும் வந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். பயம்தான் கனமாக இருந்தது. மறுநாள் அவர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பியதும் போனை எடுத்தாள். முதலில் மகளுக்கு. பிறகு நர்ஸுக்கு.

"மொத்த வீடும் வேணாம்மா. ஒரே ஒரு சாமான்தான். நாற்காலி. மேல உக்காந்திருக்கற ஆளும் சேத்தி."

இரண்டு நாள் கழித்து நர்ஸ் இரண்டு ஆட்களோடு வந்து நின்றபோது தலைவர் வீட்டில்தான் இருந்தார். வாரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க! இன்னும் டெண்டரே முடிவாகலை!"

"ஒத்தைச் சாமானுக்கு டெண்டர் வேணாங்க" என்றாள் ஆபரேட்டரம்மா. ஆட்கள் அவளை வாரால் நாற்காலியோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். "சில்லறைக் கொள்முதல். நேரடியாக் கொடுக்கலாம். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்."

அவருடைய வாழ்நாள் வீரக்கதையே அதுதான். ஏதோ ஒரு அலுவலகத்தில் டெண்டரை ஏய்ப்பதற்காக நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாங்கினார்களாம், அவர் மோப்பம் பிடித்துக் கையும் களவுமாகப் பிடித்தாராம். சோறு போடும்போதெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள்.

"அதான்! அதேதான்!" அவர் குரல் உடைந்தது. "இன்னிக்கு நாற்காலி, நாளைக்குக் கட்டில், அப்புறம் அலமாரி. பிரிச்சுப் பிரிச்சுக் கொண்டுபோறது! இதுக்குத்தான் நான் ஆளுங்களை சஸ்பெண்ட் பண்ணேன்!"

"என்னையும் சஸ்பெண்ட் பண்ணுங்க தலைவரே. கீழே போனப்புறம்."

நாற்காலி எழுந்தது. ஒரு நிமிடம் எல்லாம் கோணலாயிற்று. சுவர், கைப்பிடி, விளக்கு எல்லாம் சாய்ந்தன. கண்ணை மூடினால் பயம் கூடும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்தன. வெறும் உச்சந்தலைகளாக இருந்தவர்களுக்கெல்லாம் மூக்கும் வாயும் முளைத்திருந்தன.

"என்ன தலைவரே, அம்மா எங்க கிளம்பிட்டாங்க?" என்று யாரோ மேலே பார்த்துக் கேட்டார்கள். தலைவர், சங்கத்தின் சார்பில், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கீழே இறக்கினார்கள். தெருவின் புழுதி வாசனை மூக்கில் ஏறியது. அவளை வண்டியின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, கடைசியாக நாற்காலியை ஏற்றினார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அவர். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார், அவள் வழக்கமாகப் பிடிக்கும் அதே இடத்தில். கீழிருந்து பார்க்க, முகத்தில் ஒரு தாடை மட்டும்தான் தெரிந்தது.

"இந்தாம்மா! ராத்திரி எனக்குச் சாப்பாடு?"

"மூணு கடையில விலைப்புள்ளி கேளுங்க!"

காவலாளி சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டைத் திறக்கப் போனான். வண்டி நகர்ந்தது. தெருமுனை வருவதற்குள் மடியிலிருந்த போன் அடித்தது. ஜன்னலிலிருந்துதான். வேலையில் இருந்த காலத்தில் அவள் ஒரு மணியைக்கூட வீணாக அடிக்கவிட்டதில்லை. இதைக் கொஞ்சம் அடிக்கவிட்டாள். பிறகு எடுத்தாள்.

மறுமுனையில் அவர் குரல், "அந்த நர்ஸம்மாகிட்ட, இன்னும் ஒரு ஒத்தைச் சாமான்..." என்று தொடங்கி நின்றது.

அடுத்த வார்த்தை அவருக்கு எங்கே மாட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கலாம். ஆயுசு முழுக்க எடுத்துக் கொடுத்தவள்தான். வண்டி திரும்பியது, ஜன்னல் மறைந்தது, முன்கண்ணாடி முழுக்கத் தெரு வந்து நின்றது.

"லைன்ல இருங்க" என்றாள், பழைய உத்தியோகக் குரலில்.